ஓ பாசிட்டிவ்காரருக்குச் சளிக்காய்ச்சல் அண்டாதா?

கோத்தகிரிக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதம் நீளமானது. அதன் சாரம் இது:

"என் வீட்டுக்காரர் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு ஓ பாசிட்டிவ். எனக்கும் ஆறு வயது மகளுக்கும் ஏ1 பாசிட்டிவ். 2021-ல் கொரோனா வந்தபோது நான் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவருக்கு இரண்டு நாள் உடம்பு வலியோடு போய்விட்டது. அன்றிலிருந்து 'ஓ குரூப்புக்கு எதுவும் ஒட்டாது' என்பது அவருக்கு வேதவாக்கு. ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால், 'அதெல்லாம் உங்க குரூப்புக்கு' என்கிறார். மகளுக்கு மாதம் தவறாமல் சளி. 'உன் ரத்தம்தானே பிள்ளைக்கும்' என்று மாமியார் குத்திக்காட்டுகிறார். அவருக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. ரத்த வகைக்கு ஏற்ற உணவுப் பட்டியல் தருகிறேன் என்று ஒருவர் எழுநூறு ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? ஏ குரூப் நிஜமாகவே பலவீனமான ரத்தமா, டாக்டர்?"

அம்மா, பட்டியல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். ரத்த வகையைப் பார்த்துச் சாப்பிட்டால் நோய் வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த எழுநூறு ரூபாய்க்கு வேறு செலவு வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை மறைத்தால் நாளைக்கு வேறு எங்காவது படித்துவிட்டு, 'டாக்டர் பொய் சொன்னார்' என்பார். ஆகவே அந்தத் துளியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏ, பி, ஓ என்பது சிவப்பணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை வகையைக் குறிக்கும் பெயர், அவ்வளவுதான். மாமியாருக்கு இருக்கிறதே, அந்தச் சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-ல் வியன்னாவில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். எல்லோருக்கும் பொதுவான ஓர் அடித்தளச் சர்க்கரை இருக்கும். அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை கூடுதலாக ஒட்டினால் ஏ, வேறொன்று ஒட்டினால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, எதுவும் ஒட்டாமல் நின்றால் ஓ. உங்கள் கார்டில் ஏ1 என்று போட்டிருப்பது ஏ வகையின் ஓர் உட்பிரிவு. அது கூடுதல் நோய் எதுவும் இல்லை. இதே சர்க்கரைகள் சிவப்பணுவில் மட்டும் இல்லை, மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்ச் செல்களிலும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு எச்சிலில்கூட வரும். சுவாச வைரஸ் நுழையும் வாசலும் அதுதானே? அங்கேதான் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் வந்தது.

இது கொரோனா காலத்தில் திடீரென்று முளைத்த கேள்வி அல்ல. 2003-ல் ஹாங்காங்கில், கொரோனா குடும்பத்தையே சேர்ந்த சார்ஸ் வைரஸ் பரவியபோது, ஒரே நோயாளியிடமிருந்து தொற்றுக்கு ஆளாகக்கூடிய நிலையில் இருந்த மருத்துவமனை ஊழியர்களைப் பார்த்தார்கள். ஓ குரூப்காரர்களுக்குக் குறைவாகத் தொற்றியிருந்தது. ஆனால் அது சில பத்துப் பேரை வைத்துச் சொன்ன கணக்கு. 2020-ல் இத்தாலி, ஸ்பெயின் மருத்துவமனைகளில் மூச்சுத் திணறலோடு கிடந்த 1,610 பேரின் மரபணுக்களைப் பார்த்தார்கள். ஏ குரூப்புக்கு ஆபத்துக் கணக்கு 45 சதவீதம் கூடுதல், ஓ குரூப்புக்கு 35 சதவீதம் குறைவு என்று வந்தது. செய்தி உலகம் முழுக்க ஓடியது. உங்கள் வீட்டுக்காரர் காதிலும் இதுதான் விழுந்திருக்கும்.

அந்தக் கணக்கில் ஒரு நெளிவு உண்டு. நோயாளிகளோடு ஒப்பிட நிறுத்தியவர்களில் பலர் ரத்த தானம் செய்பவர்கள். ரத்த வங்கியில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள், அவசரம் என்றால் ஓ குரூப்காரர்களைத்தான் முதலில் போன் போட்டுக் கூப்பிடுவார்கள். தானம் செய்பவர்கள் கூட்டத்தில் ஓ எப்போதுமே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவர்களோடு ஒப்பிட்டால் நோயாளிகளிடம் ஓ குறைவாகத்தானே தெரியும்? பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் வித்தியாசம் சுருங்கியது. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஓர் ஆய்வில் ரத்த வகைக்கும் கொரோனாவுக்கும் தொடர்பே தெரியவில்லை. பல நாட்டு மரபணுத் தகவல்களைச் சேர்த்துப் பார்த்ததில் மிஞ்சியது இதுதான்: ஓ குரூப்காரர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. தொற்றிய பிறகு நோய் முற்றுவதில் ரத்த வகையின் கை பெரிதாகத் தெரியவில்லை.

பத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? ஓர் எஸ்டேட் லைன் வீடுகளில் நூறு ஏ குரூப்காரர்களில் முப்பது பேருக்குக் கொரோனா தொற்றுகிறது என்று வையுங்கள். அதே இடத்தில் நூறு ஓ குரூப்காரர்கள் இருந்தால் இருபத்தேழு பேருக்குத் தொற்றும். மூன்று பேர் தப்பினார்கள், சரி. அந்த மூவரில் ஒருவர் உங்கள் வீட்டுக்காரர் என்று யார் சொன்னது? அதிலும் அவருக்கு இரண்டு நாள் உடம்பு வலி வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒட்டத்தான் செய்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அதே இத்தாலி, ஸ்பெயின் ஆய்வில் ரத்த வகையைவிட அழுத்தமாகத் தெரிந்த வேறொரு மரபணுப் பகுதி இருந்தது. கொரோனா முற்றும் ஆபத்தைக் கூட்டும் பகுதி அது. மூன்றாவது குரோமோசோமில் இருக்கும் அது, அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்தது. நம் தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைச் சுமக்கிறோம். அது உங்கள் வீட்டுக்காரரிடம் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம். எந்த ரத்த வகை கார்டிலும் அது எழுதியிருக்காது.

இதுவரை சொன்னது கொரோனா குடும்பத்து வைரஸ்களைப் பற்றி. ஃப்ளூ விஷயத்தில் பல பத்தாண்டுகளாக இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். ஓர் ஆய்வு ஒரு குரூப்பைச் சொன்னால் அடுத்தது வேறொன்றைச் சொல்லும். உருப்படியாக எதுவும் நிற்கவில்லை. ஆகவே ஃப்ளூ ஊசியைத் தட்டிக்கழிக்க ஓ பாசிட்டிவ் காரணமே ஆகாது.

இனி நான் உங்கள் வீட்டுக்காரரிடம் நேரில் சொல்ல ஆசைப்படும் விஷயம். இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஓ குரூப்புக்கு அந்தச் சின்னச் சலுகை எப்படி வருகிறது என்பதற்குச் சில விளக்கங்கள் உண்டு. கொரோனா வைரஸ் ஏ வகைச் சர்க்கரை உள்ள மூச்சுக்குழாய்ச் செல்களில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டுகிறது என்பது ஒன்று. ஓ குரூப்காரர்களுக்கு ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் கால்வாசி அளவுக்குக் குறைவு, அதனால் ரத்தக்கட்டி ஆபத்து கொஞ்சம் குறையும் என்பது இன்னொன்று. எனக்குப் பிடித்தது மூன்றாவது. ஓ குரூப்காரர் உடம்பில் ஏ-க்கு எதிராகவும் பி-க்கு எதிராகவும் எதிரணுக்கள், அதாவது ஆன்டிபாடிகள், எப்போதும் காவலுக்கு நிற்கும். அதனால்தான் அவருக்கு வேறு குரூப் ரத்தம் ஏற்ற முடியாது. வைரஸ் நம் செல்லுக்குள் பெருகி வெளியே வரும்போது, நம் செல்லின் சர்க்கரையையே போர்த்திக்கொண்டு வருகிறது. உங்கள் உடம்பிலிருந்து கிளம்பும் வைரஸ் மேல் ஏ முத்திரை இருக்கும். அது வீட்டுக்காரரின் மூக்குக்குள் போனால், 'இது ஏ சரக்கு' என்று அவருடைய எதிரணுக்கள் வழிமறிக்க வாய்ப்பு உண்டு.

சரி, அவருக்கு வேறொரு ஓ குரூப்காரரிடமிருந்து தொற்றினால்? முத்திரையே இல்லாத வைரஸ் அது. அவருடைய காவல் அதைக் கண்டுகொள்ளாது. நம் ஊரில் ஓ குரூப்புக்கா பஞ்சம்? பேக்டரி வாசலில் இலை எடை போட வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் ஓ-வோ!

அடுத்ததைத்தான் அவர் கவனமாகக் கேட்க வேண்டும். அவர் உடம்பில் பெருகிக் கிளம்பும் வைரஸ் மேல் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. அது உங்களிடமோ மகளிடமோ வந்தால் இந்த வகையில் தடுக்க ஒன்றுமே இல்லை. பாசிட்டிவ், நெகட்டிவ் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், ஓ ரத்தத்தை அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம் என்கிறோமே, அவர் தரும் வைரஸும் அந்தக் கணக்குத்தான். பிரான்சில் கணவன் மனைவி ஜோடிகளை வைத்துப் பார்த்த ஓர் ஆய்விலும், ரத்தம் கொடுக்கப் பொருந்தாத ஜோடிகளிடையே கொரோனா தொற்றுவது குறைவாக இருந்தது. இந்த விளக்கம் இன்னும் முழுதாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ரத்த வகையை நம்பித்தான் முடிவெடுப்பேன் என்று அவர் சொன்னால், அந்தக் கணக்குப்படியே உங்கள் வீட்டில் முதலில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர் அவர்தான். நாலு ஹட்டிக்கும் (படுகர் ஊர்களுக்கும்) பேக்டரிக்கும் போய் வருபவரும் அவர்தானே.

ஃப்ளூ ஊசி முழுக் கவசம் இல்லை. அந்த வருடத்து வைரஸோடு நன்றாகப் பொருந்தினால் நோயை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். கொரோனாவில் ஓ குரூப் தரும் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஃப்ளூ ஐப்பசி, கார்த்திகை மழையோடு தலைதூக்கும் வழக்கம் உண்டு. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் பெரிது. அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வருடா வருடம் போட வேண்டும். மகளுக்கு இதுவே முதல் முறை என்றால், ஒன்பது வயதுக்குக் கீழ் என்பதால், நான்கு வாரம் விட்டு இரண்டு ஊசி. மாமியாருக்கு ஃப்ளூ ஊசியோடு நிமோனியா ஊசியைப் பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எழுநூறு ரூபாய்க்குச் செலவு வைத்திருக்கிறேன் என்றேனே, இதுதான். கொஞ்சம் மேலே போட வேண்டியிருக்கும்.

ஃப்ளூ என்றதும் எனக்கு எப்போதும் 1957 ஞாபகத்துக்கு வரும். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் அது, அம்மா சொல்லிக் கேட்டதுதான். அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலோடு புதிய ஃப்ளூ வைரஸ் இந்தியாவுக்குள் நுழைந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுக்க 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் ஏறினார்கள். அந்த வைரஸை ஆராய்ந்தது வேறெங்கும் இல்லை, நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில். உலக சுகாதார நிறுவனத்தின் இன்ஃப்ளூயன்சா மையம் அப்போது அங்கேதான் இருந்தது. நாய்க்கடி மருந்துக்காக மட்டும் அந்த இடத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அந்தக் காய்ச்சல் உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடித்தது. காரணம், அப்படியொரு வைரஸை அவர்கள் உடம்பு அதற்கு முன் பார்த்ததே இல்லை. எழுபது தாண்டிய சிலருக்கோ, சிறுவயதில் அதே சாயலுள்ள வைரஸைச் சந்தித்ததால் எதிர்ப்பு மிச்சமிருந்தது. உடம்பு முன்பு எதைச் சந்தித்திருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். ஊசி செய்வதும் அந்த அறிமுகத்தைத்தான்.

'பலவீனமான ரத்தம்' என்று கேட்டிருக்கிறீர்கள். ஏ, பி, ஓ-வில் பலம், பலவீனம் என்று ஜாதி கிடையாது. மலேரியா முற்றுவதில் ஓ-வுக்குச் சலுகை உண்டு என்றால், காலராவில் அதே ஓ-தான் அதிகம் அடிபடும். ஒன்றில் லாபம், ஒன்றில் நஷ்டம்.

ஆனால் சுவாசத் தொற்றில் ரத்தம் நிஜமாகவே கணக்கில் வரும் ஓர் இடம் உண்டு, அதுவும் நம் மலையிலேயே. சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் பரம்பரை நோய், இந்தியாவில் முதன்முதலாக 1952-ல் இந்த நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. அந்த நோய் உள்ள குழந்தைக்குச் சாதாரண நெஞ்சுச் சளிகூட நுரையீரலை அடைத்து உயிருக்கு உலை வைத்துவிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் படிக்கிறவர்கள், குடும்பத்தில் யாருக்காவது அடிக்கடி மூட்டுவலியும் ரத்தச்சோகையும் இருந்தால் இதற்கான சோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஏ, பி, ஓ கார்டு பார்த்து இதைச் சொல்ல முடியாது. இப்போதெல்லாம் ஜாதகத்தோடு ரத்த வகையும் கேட்கிறார்கள். கேட்பதுதான் கேட்கிறார்கள், அந்தக் குடும்பங்களில் இதைக் கேட்டால் பிரயோஜனம் உண்டு.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி போகும் சின்னக் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டுமே நூற்றைம்பதுக்கு மேல் ரகங்கள் உண்டு. ஒன்று போனால் அடுத்தது வரும். ஆனால் மாதம் தவறாமல் என்கிறீர்கள். அப்படியானால் எனக்கு ரத்த வகை வேண்டாம், உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். வெந்நீர் அடுப்பில் கவாத்துக் குச்சி, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி, எரிக்கிறீர்களா? அந்தப் புகை வீட்டுக்குள் சுற்றுகிறதா? ராத்திரி குளிருக்கு எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுச் சட்டியில் கரி போட்டுக் குளிர்காய்கிறீர்களா? மழைக்காலத்தில் ஈரத் துணியைப் படுக்கிற அறையிலேயே காயப்போட்டு, சுவரில் பூஞ்சணம் பூத்திருக்கிறதா? வீட்டுக்காரர் பீடி, சிகரெட் உண்டா? இதில் எதற்கு 'ஆமாம்' என்றாலும் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு அதுதான் எதிரி. உங்கள் ரத்தத்தைத் திட்டிப் புண்ணியமில்லை.

கரிச்சட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கதவடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. தூங்கினவர் எழாமலே போகலாம். இந்த மலையிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிவிட்டுப் படுத்துச் செத்தவர்கள் உண்டு. தூங்கும் அறையில் கரியே வேண்டாம். இன்னொரு கம்பளி போர்த்துங்கள், ஜன்னலை விரல் நுழையும் அளவுக்காவது திறந்து வையுங்கள்.

சளி விட்டபிறகும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ இருமல் நீடித்தால், ஓடி விளையாடும்போது இளைத்தால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால், ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை 'சளி உடம்பு' என்று வருடக்கணக்காக விட்டுவிடுகிறார்கள். இன்ஹேலர் என்றாலே பழக்கமாகிவிடும் என்ற பயம் வேறு. அந்தப் பயம் வேண்டாம். அப்புறம் நம் ஊர் யூகலிப்டஸ் தைலம். அதைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு ஸ்பூன்கூட வலிப்பு வரவழைக்கும். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் சட்டிமேல் குழந்தையைக் குனியவைத்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இருமலுக்குத் தேன் கொடுங்கள், போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 2021-ல் சமவெளியிலிருக்கும் சொந்தக்காரர்கள் போன் செய்து, "ஆக்சிஜன் 95-க்குக் கீழே போனால் ஆபத்தாம்" என்று சொல்லி, ஊட்டிக்காரர்களைக் கலங்கடித்தார்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கால்வாசி குறைவு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 94, 95 காட்டலாம். கோத்தகிரி அதைவிடத் தாழ்வு என்றாலும் சென்னைக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், கையைச் சூடாக்கிக்கொண்டு, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் அளவு பார்த்து எழுதி வையுங்கள். குளிர்ந்த விரலில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். காய்ச்சல் வரும்போது அந்த அளவிலிருந்து மூன்று, நான்கு குறைந்தாலோ, 92-க்குக் கீழே போனாலோ, கருவி எதைக் காட்டினாலும் மூச்சு வாங்கினாலோ, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். மாமியாருக்கு இன்னும் சீக்கிரமே. வயதும் சர்க்கரையும் சேர்ந்தவருக்குச் சளிக்காய்ச்சல் எந்த நேரத்தில் நிமோனியாவாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து அவருக்குத்தான். மகளுக்கோ உங்களுக்கோ இல்லை. அவருடைய மூன்று மாதச் சர்க்கரை அளவை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பார்த்துவிடுங்கள்.

அந்தச் சோதனைக்கு எப்படியும் கையில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அப்போது அவருடைய ரத்த வகையையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். மகளின் ஏ உங்களிடமிருந்து வந்தது என்று மாமியார் சொன்னது சரிதான், ஓ குரூப் அப்பாவால் ஏ-யைக் கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் ஓ ஆவதற்கு அம்மாவிடமிருந்து ஓர் ஓ, அப்பாவிடமிருந்து ஓர் ஓ வந்தால் போதும். கூடவே இன்னொரு எழுத்தையும் அம்மா சுமந்துகொண்டிருக்கலாம். அதாவது மாமியாரும் ஏ-வாகவே இருக்கலாம். ரிசல்ட் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஏ என்று வந்தால், அன்று ராத்திரி வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதையும் சேர்த்து.